அம்மைக்கு முடக்குவாதம்: ஊசியா, புது மாத்திரையா?

குலசேகரத்தான்:
எங்க அம்மை ரப்பர் பால் வெட்டுக்குப் போனவர், வயது 58. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, கத்தியைப் பிடிக்கவே முடியவில்லை. வேலை அசதி என்று நினைத்து நாட்டு வைத்தியர் ஆசான் தந்த எண்ணெயைத் தேய்த்தே ஒரு வருஷம் போய்விட்டது. அப்புறம்தான் முடக்குவாதம், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் என்று தெரிந்தது. எட்டு மாதமாக அதை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார், வீக்கம் முழுசாக வடியவில்லை. இப்போது டாக்டர் அடலிமுமாப் ஊசி அல்லது டோஃபாசிட்டினிப் மாத்திரை என்கிறார். எதில் வீரியம் அதிகம்? இருமலே இல்லாதவருக்குக் காசநோய்ப் பரிசோதனை எதற்கு?

மார்த்தாண்டம் கெமிஸ்ட்:
தம்பி, இதை வீரியக் கணக்கில் பார்க்காதீங்க, இரண்டும் தடுக்கிற இடம் வேறு. மூட்டில் அழற்சியைக் கிளப்ப செல்கள் அனுப்பும் சேதிகளில் ஒன்று டி.என்.எஃப் என்கிற புரதம். இப்படிப் பல சேதிகள் இருக்க ஒன்றை மட்டும் தடுத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் அன்றைக்குப் பலர் கேட்டார்கள். ஆனால் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் என்ற ஆராய்ச்சியாளர்கள், நோயாளியின் மூட்டுத் திசுவில் டி.என்.எஃப்-ஐத் தடுத்தால் மற்றவையும் அடங்குவதைப் பார்த்துவிட்டு, 1992-ல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அதைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள், வீக்கம் இறங்கியது. அடலிமுமாப் அதே வழியில் வந்தது. அது பெரிய புரதம், வாய்வழி கொடுத்தால் வயிறு செரித்துவிடும், அதனால்தான் ஊசி.

டோஃபாசிட்டினிப் ரொம்பச் சின்ன மூலக்கூறு. செல்லுக்குள்ளேயே போய், வெளியிலிருந்து வந்த சேதியை உள்ளே கடத்தும் ஜாக் நொதிகளைத் தடுக்கும். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஜாக் குடும்பத்தில் நாலு பேர், நாலு பேருக்கும் மருந்து ஒட்டும் குழி கிட்டத்தட்ட ஒரே மாதிரி, அதில் ஜாக்2 இரத்த அணு உற்பத்திக்கே வேண்டியது. ஒருவரை மட்டும் பிடித்து மற்றவரை விடுவதற்குத்தான் எங்களைப் போன்ற மருந்து வேதியியல்காரர்கள் வருஷக்கணக்கில் மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்கிறோம். 2022-ல் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு வந்த டியூக்ராவாசிட்டினிப் இந்தக் குடும்பத்தில் ஒருவரைத்தான் பிடிக்கும், அந்தக் குழியையே விட்டுவிட்டு அதே நொதியில் வேறிடத்தில் ஒட்டுகிறது, எனக்கு அது பெரிய சந்தோஷம்.

தக்கலை நர்ஸ்:
பரிசோதனையைத் தவிர்த்துவிடாதே தம்பி. காசநோய்க் கிருமி பலர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும், எதிர்ப்புச் செல்கள் அதைச் சுற்றி வளைத்து வைத்திருக்கும். அந்த வளையம் நிற்பதற்கு டி.என்.எஃப் வேண்டும். அதைத் தடுத்தால் கிருமி எழுந்துவிடும். மாத்திரையிலும் அந்தப் பயம் உண்டு. கல்லீரல் அழற்சி பி-க்கும் (ஹெப்படைட்டிஸ் பி) இரத்தம் பார்க்கச் சொல்லு. அப்புறம், ஐம்பது தாண்டி இதய ஆபத்து உள்ளவர்களுக்கு டோஃபாசிட்டினிபால் மாரடைப்பு, இரத்தக் குழாயில் இரத்தம் உறைவது, புற்றுநோய் கூடுகிறது என்று 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ எச்சரித்தது. அம்மைக்கு சுகர், பிரஷர், புகையிலைப் பழக்கம் உண்டா?

குளச்சல்காரி:
நானும் இதே நோயோடுதான் இருக்கிறேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான், யாரும் தெளிவாகச் சொல்லாததால் நான் தினமும் போட்டு வாயெல்லாம் புண்ணாகி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அம்மை எப்படிச் சாப்பிடுகிறார் என்று இன்றைக்கே பாருங்க. ஊசி என்றால் உள்நாட்டுத் தயாரிப்பைக் கேளுங்க, 2014 முதலே நம் நாட்டில் அடலிமுமாப் செய்கிறார்கள், விலை குறைவு.

குலசேகரத்தான்:
வாரம் ஒரு நாள்தான் அக்கா, ஞாயிறு இரவு. சுகர் இருக்கிறது, வெற்றிலையோடு புகையிலையும் உண்டு, டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லை. திங்கட்கிழமை நாகர்கோவில் போகிறோம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.