செல்வநாயகம் 1949இல் பிரிந்தது கொள்கைக்காகவா, பதவி கிடைக்காத கோபத்திலா?

வடமராட்சிப் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் அரசியல் கதை எங்கே தொடங்கினாலும் ஜீ.ஜீ. – செல்வா சண்டையில்தான் போய் முடியும். அப்பப்பா வீட்டார் முழுக்கத் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் ஆட்கள், அம்மா வீட்டாருக்கோ அந்தக் கட்சியிலிருந்து பிரிந்த தந்தை செல்வாவை, அதாவது செல்வநாயகத்தை, பற்றி ஒரு சொல் குறைத்துச் சொல்லக்கூடாது. அப்பப்பா சொல்வது இதுதான்: 1948இல் ஜீ.ஜீ. அமைச்சரானார், செல்வநாயகத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அந்தக் கோபத்தில்தான் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான மலையக மக்களின் குடியுரிமை பறிபோனது என்பது பிறகு ஒட்டவைத்த காரணம். இதில் உண்மை எவ்வளவு?

இன்னும் இரண்டு விஷயம் விளங்கவில்லை. 1947இல் காங்கேசன்துறையில் வென்றவர் அதே தொகுதியில் 1952இல் ஏன் தோற்றார்? மேடையில் பேசினால் குரல் கேட்காது, கடைசி வருடங்களில் நடுக்கவாதம் வேறு, அதோடு கிறிஸ்தவர். சைவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் ஊரில் இவர் எப்படித் தந்தை ஆனார்? துரோகி, தியாகி என்ற சொற்கள் இல்லாமல் யாராவது விளக்கினால் நல்லது.

பழைய பேப்பர்:

தம்பி, மாதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும். குடியுரிமைச் சட்டம் ஒன்று அல்ல, அடுத்தடுத்து மூன்று. 1948 ஓகஸ்டில் முதல் மசோதா வந்தபோது ஜீ.ஜீ. உட்படத் தமிழ்க் காங்கிரஸார் எதிர்த்துத்தான் வாக்களித்தார்கள். செப்டெம்பரில் ஜீ.ஜீ. பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சராகச் சேர்ந்தார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் மசோதா வந்தது, அதற்கு ஜீ.ஜீ. ஆதரவாக வாக்களித்தார், செல்வநாயகமும் கோப்பாய் உறுப்பினர் வன்னியசிங்கமும் எதிர்த்தார்கள். பிறகு 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்திக் குடியுரிமை இல்லாதவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். செனட்டர் டாக்டர் நாகநாதனையும் சேர்த்து மூன்று பேருமாகப் பிரிந்து, 1949 டிசம்பர் 18ஆம் திகதி கொழும்பு மருதானையில் அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்தில் கட்சியைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் அல்ல, கொழும்பில்; இது பலருக்குத் தெரியாது.

பதவிக் கோபம் என்ற கதையை நான் ஏன் நம்பவில்லை என்றால், பதவி வேண்டியவர் ஆளும் பக்கத்தில் காத்திருப்பார், அமைச்சர் பதவி ஒன்று எப்போதாவது காலியாகும். இவர் போனது எதிர்க்கட்சி வாங்குக்கு. அதுவும் காங்கேசன்துறையில் ஒரு வாக்குக்கூடத் தராத ஒரு பிரச்சினைக்காக. தோட்டத் தொழிலாளி நுவரெலியாவிலும் பதுளையிலும் இருந்தான், தெல்லிப்பழையில் இல்லை. இன்று அவர்களைத் தள்ளிவிட்டால் நாளை மொழிச் சட்டம் வரும்போது நமக்கும் இதே கதிதான் என்று அவர் எச்சரித்தபோது யாழ்ப்பாணத்தில் கனபேர் அதை மிகைப்படுத்தல் என்றுதான் நினைத்தார்கள். 1956 ஜூனில், சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்தது.

ஒரு சின்ன விஷயம், சட்டம் படிக்கிறவர்கள் ரசிப்பார்கள். செல்வநாயகம் பிறந்தது மலாயாவில், ஈப்போவில், 1898இல். சிறு வயதிலேயே தெல்லிப்பழைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கைக்கு வெளியே பிறந்த ஒருவர் தகப்பனும் தகப்பன்வழிப் பாட்டனும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். இவருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, யாரும் கேட்கப் போவதில்லை. தோட்ட லயத்தில் பிறந்த ஒருவனிடம் போய்த் தகப்பனின் பிறப்பு அத்தாட்சியைக் கொண்டுவா என்றால் எங்கே போவான்? காணி வழக்குகளில் உறுதிகளை வரி வரியாகப் படித்துப் பழகிய வழக்கறிஞருக்கு அந்த ஓட்டை உடனே கண்ணில் பட்டிருக்கும்.

1952க்கு வருவோம். எதிரே நின்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன், சேர் பொன். இராமநாதனின் மருமகன், பரமேஸ்வராக் கல்லூரி அதிபராக இருந்தவர். சைவப் பெருங்குடியின் பெயரும் கல்வியும் அரசாங்கத்தின் கையும் ஒன்றாக வந்து நின்றால் என்ன ஆகும்? செல்வநாயகம் வேதக்காரர் என்ற பேச்சும் நன்றாக ஓடியது. கட்சி கேட்ட சமஷ்டி (கூட்டாட்சி) என்றால் என்ன என்று சனத்துக்கு அப்போது விளங்கவே இல்லை. கட்சிக்குக் கிடைத்தது இரண்டே ஆசனம், கோப்பாயும் திருகோணமலையும். தலைவர் வெளியே, வன்னியசிங்கம் உள்ளே. நான்கு வருடம் கழித்து அதே கட்சி 10 ஆசனம் எடுத்தது. அதற்குச் செல்வநாயகத்தைவிட, தனிச் சிங்களம் என்று தேர்தலில் நின்ற பண்டாரநாயக்கதான் அதிகம் உழைத்தார் என்று பகிடியாகச் சொல்வார்கள், முழுப் பொய்யும் அல்ல.

சைக்கிள் சின்னம்:

மேலே எழுதியவர் திகதிகளைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் எந்தத் திகதியோடு நிறுத்துவது என்பதிலும் ஒரு அரசியல் இருக்கிறது.

சுதந்திரத்துக்கு முன் யாப்பு பற்றி விசாரிக்க வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஐம்பதுக்கு ஐம்பது (சிங்களவருக்குப் பாதி ஆசனம், மற்ற இனங்களுக்குப் பாதி) கேட்டு மணிக்கணக்காக வாதாடியவர் ஜீ.ஜீ.தான். அது கிடைக்கவில்லை, சுதந்திரமும் வந்துவிட்டது. அப்புறம் என்ன செய்வது? அரசாங்கத்துக்குள் போய் எடுக்கக்கூடியதை எடுப்போம் என்று போனார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை என்று சொல்லும்போது யாருடைய பெயர் வருகிறது? அந்தச் சீமெந்துப் புகைபோக்கி செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதியிலேயே நின்றது. வடக்கு கிழக்கில் எத்தனை குடும்பம் அந்த மூன்றிலும் சம்பளம் எடுத்துச் சாப்பிட்டது என்று யோசியுங்கள்.

சமஷ்டியும் ஏதோ 1949இல் வானத்திலிருந்து இறங்கிய யோசனை இல்லை. 1926இலேயே பண்டாரநாயக்க இலங்கைக்குச் சமஷ்டிதான் பொருத்தம் என்று எழுதினார், சோல்பரிக்கு முன் யாப்பு பற்றி விசாரித்த டொனமூர் ஆணைக்குழுவிடம் கண்டிச் சிங்களவர்களும் அதைத்தான் கேட்டார்கள். அப்போது அதைத் தூக்கிப் பிடிக்கத் தமிழ்த் தலைவர்கள் யாரும் இல்லை.

செல்வநாயகம் கொண்டுவந்தது என்ன? 1957இல் பண்டாரநாயக்கவோடு ஒரு ஒப்பந்தம், 1965இல் டட்லி சேனநாயக்கவோடு இன்னொன்று. இரண்டும் போய்விட்டன. நல்ல மனிதர், கை சுத்தமானவர், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் முப்பது வருடத்தில் ஒரு பிராந்திய சபைகூட வரவில்லை. ஜீ.ஜீ.யும் 1953இல் கொத்தலாவல பிரதமராக வந்ததும் வெளியே போக வேண்டி வந்தது என்பது வேறு கதை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த ஆள் வந்து சொல்வார்.

தலவாக்கலை வாசகி:

நீங்கள் இருவரும் எங்களை வைத்து வாதாடுகிறீர்கள், அதனால் எங்கள் மலையகப் பக்கத்திலிருந்தும் ஒருத்தி பேசிவிடுகிறேன்.

1952 தேர்தலில் எங்கள் மக்களுக்கு ஒரு ஆசனமும் இல்லை. அதற்கு முந்திய தேர்தலில் மலையகத் தொகுதிகளில் வென்று பாராளுமன்றம் போன இலங்கை இந்தியக் காங்கிரஸ் பாராளுமன்றத்திலிருந்து அப்படியே மறைந்துபோனது. வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க இரண்டு வருடம்தான் தந்தார்கள். கலியாணம் முடித்தவர் 7 வருடமும் மற்றவர்கள் 10 வருடமும் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். இந்தியாவில் ஊருக்குப் போய்ச் செத்தவீடு பார்த்துவிட்டுக் கொஞ்சம் பிந்தி வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள்.

செல்வநாயகம் அன்று எதிர்த்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் பண்டா–செல்வா ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். பிராந்திய சபைகளுக்கு எந்தெந்த அதிகாரம், காணி யாருக்கு, குடியேற்றத்துக்கு யாரைத் தெரிவது என்றெல்லாம் விபரமாக இருக்கும். எங்கள் குடியுரிமைக்கு? தமிழரசுக் கட்சி வற்புறுத்தியது, பிரதமர் விரைவில் கவனிப்பதாகச் சொன்னார், அவ்வளவுதான். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எங்களைப் பங்குபோட்டார்கள், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். தமிழரசுக் கட்சி அதையும் எதிர்த்தது, சரி. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் வந்தது 1967இல், டட்லியின் அரசாங்கத்தில். அந்த அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியின் சார்பில் திருச்செல்வம் அமைச்சராக இருந்தார். 1968இல் அவர்கள் வெளியே வந்தது வேறு காரணங்களுக்காக.

கட்சி பிறந்தது எங்கள் பிரச்சினையில். வளர்ந்தது வடக்கு கிழக்கின் பிரச்சினையில். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, வாக்கு எங்கே இருக்கிறதோ அங்கே கட்சி போகும், எங்களிடம் அந்த வாக்குத்தானே இல்லை.

சுன்னாகம் வாத்தியார்:

பிள்ளை சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. 1967 சட்டம் பற்றித் தமிழரசுக்காரர் யாரும் மேடையில் கதைத்து நான் கேட்டதில்லை.

தம்பியின் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 1975 இடைத்தேர்தல் கூட்டம் ஒன்றில் நான் நின்றிருக்கிறேன். மெலிந்த மனிதர், வெள்ளை வேட்டி, கை நடுங்குகிறது. ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து பிடித்திருந்தார்கள், அப்படியும் எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சனம் அசையவில்லை. அவர் முடித்ததும் இன்னொருவர் எழும்பி அதையே உரத்த குரலில் சொன்னார், அதற்குத்தான் கைதட்டல். அமிர்தலிங்கம் போன்ற பேச்சாளர்கள் பக்கத்தில் இருந்ததால் அவருக்குக் குரல் ஒரு குறையாகத் தெரியவே இல்லை.

என் கணிப்பில், அவரை நம்பியதற்குக் காரணம் தோல்விகள்தான். கேட்க விசித்திரமாக இருக்கும். 1956 ஜூன் 5இல் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கினார்கள். 1957 ஜூலையில் ஒப்பந்தம் எழுதினார், 1958 ஏப்ரலில் பிக்குமார் பண்டாரநாயக்கவின் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் வந்து குந்தியிருக்க அவர் அதைக் கைவிட்டார், அடுத்த மாதம் கலவரம். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி (அரச செயலகம்) வாசலை மறித்து மாதக்கணக்கில் இருந்தார்கள், ஏப்ரலில் தாங்களே முத்திரை அச்சடித்துத் தமிழரசுத் தபாற் சேவை என்று தொடங்க, சில நாளில் அவசரகாலச் சட்டம் வந்து எல்லோரையும் பனாகொடை முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏமாற்றியவர் மற்றவர், ஏமாந்தவர் இவர். அவர் யாருக்கும் கொடுத்த சொல்லை மாற்றியதாக எதிரிகூடச் சொல்லவில்லை. சமயமும் அப்படித்தான். வாக்குக்காகக் கோயில் வாசலில் திருநீறு பூசி நின்றிருக்கலாம், செய்யவில்லை, கடைசிவரை தேவாலயத்துக்குத்தான் போனார். அது 1952இல் அவரைத் தோற்கடித்தது, பிறகு அதையே அவருடைய நேர்மைக்குச் சாட்சியாகச் சனம் சொல்லத் தொடங்கியது.

1972இல் புதிய குடியரசு யாப்பை எதிர்த்துப் பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்தார், முடிந்தால் என் தொகுதியில் தேர்தல் வைத்துப் பாருங்கள் என்று. அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரி 6இல்தான் வைத்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தை 16,470 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

வடமராட்சிப் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. டிசம்பர் மசோதாவுக்கு ஜீ.ஜீ. ஆதரவாக வாக்களித்ததை எங்கள் வீட்டில் யாருமே சொன்னதில்லை. இன்று இரவு கேட்கப் போகிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு கேள்வி மிச்சம்: இரண்டு பேரும் கடைசிவரை பேசாமலே போய்விட்டார்களா?

பழைய பேப்பர்:

இல்லை. 1972இல் இரண்டு கட்சியும் தமிழர் கூட்டணியில் ஒன்றாகின, மலையகத் தலைவர் தொண்டமானும் சேர்ந்தார். 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது தொண்டமான் ஒதுங்கிக்கொண்டார், அவருடைய மக்கள் இருந்த இடத்துக்கு அந்தத் தீர்மானத்தில் வழி இல்லை. (தலவாக்கலை வாசகி சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.) அதே வருடம் குடியரசு நாளில் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக அமிர்தலிங்கம் மீதும் வேறு சிலர் மீதும் வழக்குப் போட்டார்கள். ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரித்த அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக ஜீ.ஜீ. வந்து நின்றார், செல்வநாயகமும் சட்டத்தரணிகள் வரிசையில் இருந்தார். ஜீ.ஜீ. 1977 பெப்ரவரியில் போனார், செல்வநாயகம் ஏப்ரல் 26இல்.

சைக்கிள் சின்னம்:

அந்த டிசம்பர் வாக்குக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை தம்பி. ஆனால் அப்பப்பாவிடம் கேட்கும்போது அம்மா வீட்டாரிடமும் 1967 சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், இரண்டு பக்கமும் ஒரே இரவில் முடியட்டும்.