அப்பா இறந்தபின் மருத்துவமனைக் கட்டிலையே வரையும் மகன்: தடுக்கலாமா?

வைகறை:
வணக்கம். என் கணவர் காலமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஒன்பது வயதாகும் என் மகன் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, அழவும் இல்லை. ஆனால் பள்ளி விட்டு வந்ததும் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் மருத்துவமனைக் கட்டிலொன்றை வரைந்து, அதன்மேல் கறுப்புக் கிரயானைத் தாள் கிழியும் அளவுக்குத் தேய்க்கிறான். "வேறு ஏதாவது வரையேன், கண்ணா" என்றால் நோட்டை மூடிவிடுகிறான். அதை ஒளித்து வைக்கும்படி என் மாமியார் சொல்கிறார். ஓவியச் சிகிச்சை என்கிறார்களே, அது இவனுக்கு உதவுமா?

நெய்தல்:
நோட்டை ஒளிக்க வேண்டாம், சகோதரி. நான் மட்டக்களப்பில் உளவளத்துணையாளராக இருக்கிறேன். இங்கே 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் ஓவியம், களிமண், கதை, நாடகம் ஆகியவற்றின் வழியாகத் தம் இழப்புகளை வெளிப்படுத்த இடம் கிடைத்தது. "ஏன் கறுப்பு?" என்று மகனிடம் கேட்காதீர்கள். கறுப்பென்றால் துயரம், சிவப்பென்றால் கோபம் என்று பொருள் சொல்லும் அகராதி எதுவும் இல்லை; கைக்கு அகப்பட்ட கிரயான் கறுப்பாக இருந்திருக்கலாம். "இந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறாயா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அவன் சொல்லாவிட்டாலும் பக்கத்தில் அமர்ந்து நீங்களும் எதையாவது வரையுங்கள், படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. நீர்வண்ணத்தை இப்போதே வாங்கித் தராதீர்கள், அது ஓடிப் பரவும். பிடி தளர்ந்துவிடும் என்று அஞ்சும் பிள்ளைக்குப் பென்சிலும் கிரயானும்தான் பாதுகாப்பு. இவ்வளவு அழுத்தித் தேய்க்கும் கைக்குக் களிமண்ணும் பொருந்தும். பிசையலாம், உடைத்து மறுபடி செய்யலாம்.

மருதன்:
1942இல் 'ஓவியச் சிகிச்சை' என்னும் பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்த ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில்லும், காசநோய் மருத்துவமனையில் கட்டிலில் கிடந்தபடி கைக்கெட்டிய தொலைவில் தெரிந்த பொருட்களை வரைந்தவர்தான். எனினும் வீட்டில் வரைவது வேறு, பயிற்சி பெற்றவர் துணையோடு அதைத் தொடர்வது வேறு. உறக்கம், உணவு, பள்ளி ஆகியவற்றில் மாற்றம் தெரிந்தாலோ, "அப்பாவிடம் போக வேண்டும்" என்று சொன்னாலோ குழந்தைகள் மனநல மருத்துவரைத் தாமதமின்றிப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

வைகறை:
இருவருக்கும் நன்றி. நன்றாகத்தான் உறங்குகிறான், பள்ளிக்கும் போகிறான். நேற்று களிமண் வாங்கி வந்தேன். முதலில் கட்டிலைத்தான் செய்தான். பிறகு அதன் கீழே இரண்டு சிறு துண்டுகளைத் தட்டையாக்கி வைத்து, "அப்பா செருப்பு" என்றான். காய்வதற்காக அலமாரியின் மேல் வைத்திருக்கிறோம். மாமியாரும் அதை எடுக்கவில்லை.