புதுப்பிப்பு: அப்பா மீண்டும் டீக்கடைக்குச் செல்கிறார்

மறதிநோய் உள்ள என் அப்பா, இங்கே செங்கோட்டையில் நெடுங்காலம் சென்றுவந்த டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்றும், அவரை வீட்டிலேயே வைத்திருப்பது சரியா என்றும் மூன்று மாதங்களுக்கு முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

அவர் ஒதுங்கியதற்கு நோய் மட்டும் காரணமன்று. ஒரே செய்தியை இரண்டாம் முறை சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் திருத்தியதும் சிரித்ததும்தான் அவரை வீட்டுக்குள் முடக்கியிருக்கின்றன. அவர்களில் இருவரிடம் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, ‘நினைவிருக்கிறதா?’ என்று கேட்டுச் சோதிக்க வேண்டாம் என்றேன். (சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது.) இப்போது வாரத்தில் மூன்று நாள், கூட்டம் குறைந்த வேளையில், ஒருவர் வந்து அழைத்துச் செல்கிறார்.

காலையில் சாப்பிட்டது நினைவில் நிற்காத அப்பா, 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது தாம் பத்து வயதுச் சிறுவனாகக் கண்டவற்றையும், பள்ளியில் கற்ற மலையாளப் பாட்டின் இரண்டு வரிகளையும் தடுமாறாமல் சொல்கிறார்.

நோய் குறையவில்லை, சென்ற வாரம் என் மனைவியின் பெயர் அவருக்கு வரவில்லை. ஆனாலும் மாலை நேரப் பதற்றம் தணிந்து, இரவில் உறங்குகிறார். சாரல் பெய்யும் நாள்களில் நண்பர்களே எங்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள்.