மார்சியானோ 49-0லயே நிறுத்தாம இன்னும் ஆடியிருந்தா யாருகிட்ட, எப்படித் தோத்திருப்பார்?

செக்காலை ரோடு:

எங்க ஐயாவுக்கு இப்ப 86 வயசு. 16 வயசுல பெட்டியடிப் பையனா, அதாவது கடை எடுபிடியா, பினாங்குக்குக் கப்பலேறிப் போனவுக. கடைக் கிட்டங்கிக்கு வர்ற பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிச்சுத்தான் இங்கிலீஷ் கத்துக்கிட்டாக, அதுல முதல்ல புரிஞ்ச பக்கம் பாக்சிங் பக்கமாம். அவுக போன அதே 1955 செப்டம்பர்லதான் ஹெவிவெயிட் பாக்சிங் சாம்பியன் ராக்கி மார்சியானோ நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்துல ஆர்ச்சி மூரை 9வது ரவுண்டுல சாய்ச்சார், அதுதான் கடைசிச் சண்டைன்னு அப்ப யாருக்கும் தெரியாது, பேப்பர்ல வந்த படத்தை ஐயா வெட்டி ஒரு பழைய பேரேட்டு அட்டைக்குள்ள ஒட்டி வச்சிருந்தாக. பசை காஞ்சு ஓரமெல்லாம் பழுப்பேறி இப்பவும் ரெண்டாங்கட்டுப் பெட்டகத்துல இருக்கு. மூர் கயித்தோரமா கீழ கிடக்கார், மார்சியானோவுக்கு முதுகு மட்டும்தான் தெரியுது.

இந்தத் தை மாசம் சிராவயல் மஞ்சுவிரட்டு பாத்துட்டு வந்து எல்லாரும் வளவுல உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம், மாட்டுல ஆரம்பிச்சு பேச்சு எப்படியோ மார்சியானோகிட்ட வந்துருச்சு. ஐயா சொன்னாக, "பிடிபடாத மாட்டைச் சாகுற வரைக்கும் அவுத்துவிடுறவன் எவன்டா இருக்கான், பேர் இருக்கும்போதே கட்டுத்தறியில கட்டிருவான், அதைத்தான் அவன் செஞ்சான், அதுக்கப்புறம் எவன் பிடிச்சிருப்பான்னு கேக்குறது வீண் பேச்சு." எங்க அம்மான் விடல, பின்னாடி சாம்பியனான சோனி லிஸ்டனை இழுத்து, "லிஸ்டன் கையில சிக்கியிருந்தா ரெண்டு ரவுண்டு தாண்டியிருக்க மாட்டான்"னுட்டாக. ஐயா சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டாக.

அதான் கேக்குறேன். 1956 ஏப்ரல்ல ரிட்டயர் ஆகும்போது மார்சியானோவுக்கு 32 வயசுதான். 49 சண்டை, 49ம் ஜெயிப்பு, அதுல 43 நாக்அவுட். இன்னும் ஒரு அஞ்சாறு வருஷம் ஆடியிருந்தா முதல் தோல்வி எப்படி வந்திருக்கும்? அலிகூட கம்ப்யூட்டர் வச்சு ஒரு சண்டை எடுத்தாங்களே, 1970ல காட்டினது, 13வது ரவுண்டுல மார்சியானோ ஜெயிக்கிற மாதிரி, அதை தயவுசெஞ்சு யாரும் கொண்டுவராதீங்க, அதுல ரெண்டு பேரும் நடிச்சாங்க, அடிச்சுக்கல.

புதுவயல் ரைஸ்மில்:

முதல்ல பேட்டர்சனைக் கணக்குலருந்து எடுத்துருங்க. மார்சியானோ விட்டுட்டுப் போன சாம்பியன் பெல்ட்டை 1956 நவம்பர்ல மூரை அடிச்சு எடுத்தது ஃப்ளாய்ட் பேட்டர்சன், 21 வயசு, கை மின்னல் மாதிரி போகும், அதெல்லாம் சரி. ஆனா தாடை தாங்காது. 1959ல ஸ்வீடன்காரர் யோஹான்சன் வலது கையில போட்டதுக்கு மூணாவது ரவுண்டுல மட்டும் ஏழு தடவை கீழ விழுந்தவர். ஒவ்வொரு ரவுண்டும் மூணு நிமிஷமும் விடாம உள்ள வந்துக்கிட்டே இருக்குற மார்சியானோகிட்ட அவர் எங்க ஓடி ஒளிய முடியும்?

உங்க அம்மான் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. ரீச்சு, அதாவது ரெண்டு கையையும் விரிச்சா வர்ற அகலம், லிஸ்டனுக்கு 84 இன்ச், மார்சியானோவுக்கு 68. 16 இன்ச் வித்தியாசம்னா ஒரு கைக்கு எட்டு இன்ச், அதாவது மார்சியானோ கை எட்டாத தூரத்துல நின்னே லிஸ்டனோட ஜாப் (முன்னால நீட்டுற கையால நேரா போடுற குத்து) இவர் மூஞ்சியில இருக்கும். வெயிட்டும் 188 பவுண்டுக்கு எதிரா 210க்கு மேல. ஆனா எந்த வருஷம்னு ஒண்ணு இருக்குல்ல? 1957ல லிஸ்டன் ரிங்லயே இல்ல, போலீஸ்காரரை அடிச்ச கேஸ்ல உள்ள இருந்தார். 58ல திரும்பி வந்து 59ல கிளீவ்லாண்ட் வில்லியம்ஸ், நீனோ வால்டெஸ் ரெண்டு பேரையும் மூணே ரவுண்டுல முடிச்சப்பதான் இவர் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சது. அப்ப மார்சியானோவுக்கு 35, 36 ஆயிருக்கும், முதுகு வலி வேற. அந்த மார்சியானோ லிஸ்டன்கிட்ட தோப்பார், நான் ஒத்துக்கிறேன். 1954 மார்சியானோ தோப்பார்னா ஒத்துக்க மாட்டேன், குனிஞ்சு ஜாப்புக்குக் கீழ புகுந்து உள்ள போறதைத்தான் ட்ரெயினர் சார்லி கோல்ட்மேன் அவருக்கு வருஷக்கணக்கா சொல்லிக்கொடுத்தார், குள்ளமான ஆளு இன்னும் குள்ளமாகுறதுதான் அவரோட வித்தையே.

தேவகோட்டை ரஸ்தா:

எல்லாரும் யாரு அடிச்சுச் சாய்ச்சிருப்பாங்கன்னே தேடுறீங்க. நான் சொல்றேன், பாயிண்ட்ல தோத்திருப்பார், அதுவும் சூதானமா எட்ட நின்னு ஆடுற ஒரு ஆளுகிட்ட.

தோல்விக்குப் பக்கத்துல அவர் எப்பெல்லாம் போனார்னு பாருங்க. 1950ல ரோலண்ட் லாஸ்டார்சாகூட 10 ரவுண்டு, ஒரு ஜட்ஜ் இவருக்கு, ஒரு ஜட்ஜ் அவருக்கு, ரெஃபரி கணக்குல ரவுண்டு சமம். கூடுதல் பாயிண்ட் பாத்துத்தான் மார்சியானோன்னு சொன்னாங்க. ஒரே ஒரு ஆளோட பென்சில் கொஞ்சம் மாறியிருந்தா இந்த 49-0ங்கிற பேச்சே கிடையாது. அப்புறம் 1952 செப்டம்பர், ஃபிலடெல்ஃபியா, பெல்ட்டு கிடைச்ச சண்டை. முதல் ரவுண்டுலயே அப்ப சாம்பியனா இருந்த ஜெர்சி ஜோ வால்காட் இவரைக் கீழ தள்ளுறார், அதுவரைக்கும் தொழில்ல ஒரு தடவைகூட விழாதவர், 12 ரவுண்டு முடிஞ்சப்ப மூணு பாயிண்ட் கார்டுலயும் வால்காட்தான் மேல. 13வதுல கயித்துப்பக்கம் அந்த ஒரு வலது கை, அரை அடிகூட ஓடியிருக்காது, வால்காட் ஒரு கை கயித்துல மாட்டிக்கிட்டு அப்படியே சரிஞ்சார். அந்த அடி ஒரு இன்ச் தப்பியிருந்தாலோ வால்காட் இன்னும் மூணு ரவுண்டு ஓடிப் பொழைச்சிருந்தாலோ முடிஞ்சது கதை.

இன்னொண்ணு, அமெச்சூர்ல இவர் தோத்திருக்கார். 1948 கோல்டன் குளவ்ஸ் போட்டியில கோலி வாலஸ் பாயிண்ட்ல ஜெயிச்சார், மூணே ரவுண்டு. நேரம் கம்மியா இருந்து, எதிராளி எட்ட நின்னு ஆடினா இவரை ஜெயிக்கலாம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

பின்னாடி சாம்பியனா இருந்த லாரி ஹோம்ஸை நெனச்சுப் பாருங்க. 48-0, இன்னும் ஒரு ஜெயிப்புதான் மார்சியானோவைத் தொட. 1985 செப்டம்பர் 21, மார்சியானோ மூரை அடிச்ச அதே தேதி, சரியா 30 வருஷம் கழிச்சு. எடை கம்மியான லைட் ஹெவிவெயிட்லருந்து மேல வந்த மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 15 ரவுண்டு ஆடி பாயிண்ட்ல எடுத்துட்டுப் போயிட்டார். ஹோம்ஸ் விழல, கை சொன்னதைக் கேக்கல அவ்வளவுதான். 35 வயசு. அடிக்கணும்னு கண்ணு பாத்து முடிக்கிறதுக்குள்ள ஸ்பிங்க்ஸ் அங்க இல்ல. மார்சியானோவுக்கும் 1958, 59ல இதேதான் நடந்திருக்கும், அப்ப ஆடிக்கிட்டிருந்த எடி மேச்சன் மாதிரி சூதானமான ஒரு ஆளு போதும்.

குன்றக்குடி மயில்:

நான் காலேஜ் பாக்சிங் டீம்ல மூணு வருஷம் ஆடினவன், அதனால வேற ஒண்ணு சொல்றேன், நீங்க யாருமே தோலைப் பத்திப் பேசல.

1954 ஜூன்ல முன்னாள் சாம்பியன் எஸார்ட் சார்லஸ்கூட முதல் சண்டை. நாலாவது ரவுண்டுல மார்சியானோவுக்கு இடது கண்ணுக்கு மேல கிழிஞ்சது, அதோட 15 ரவுண்டு ஆடி பாயிண்ட்ல ஜெயிச்சார். அவர்கூட 15 ரவுண்டு நின்ன ஒரே ஆளு சார்லஸ்தான். சரியா மூணு மாசம் கழிச்சு செப்டம்பர்ல மறுபடி. ஆறாவது ரவுண்டுல மூக்கு நுனி, இடது துவாரம், ரெண்டா பொளந்துருச்சு. ஃபிலிம் இருக்கு, பாருங்க, மூக்குல ஒரு வெட்டு இல்ல அது, நுனிச்சதையே தனியா தொங்குது. கார்னர்ல காயத்தைப் பாக்குற ஃப்ரெடி பிரவுன் ஒரு நிமிஷத்துல என்ன செய்ய முடியும், பஞ்சை வச்சு அமுக்கி மருந்தடைச்சு வேசலீனைப் பூசி அனுப்புறார், முதல் அடியிலயே எல்லாம் வழிச்சிக்கிட்டு வந்துருது. புருவம்னா எலும்பு மேல வச்சு அழுத்தலாம், மூக்கு நுனியில எதை வச்சு அழுத்துவீங்க? நிறுத்திருவாங்கன்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு, அதான் எட்டாவது ரவுண்டுல வெறி புடிச்ச மாதிரி போய் சார்லஸை முடிச்சார். இன்னும் ஒரு ரவுண்டு இழுத்திருந்தா டாக்டர் உள்ள வந்திருப்பார்ங்கிறது என் எண்ணம்.

அவர் ஆடுற விதமே அப்படி. குனிஞ்சு தலையை முன்னாடி விட்டு உள்ள போற ஆளு, எதிராளி தலையும் முழங்கையும் முதல்ல படுறது புருவத்துலதான். ஒரு தடவை கிழிஞ்ச இடம் ஆறினாலும் பழைய தோலா திரும்பாது, அடுத்த தடவை பாதி அடிக்கே விட்டுரும். தாடை தாங்கும், நெஞ்சு தாங்கும், மாசக்கணக்கா மைல் மைலா ஓடி மூச்சை ஏத்திக்கலாம், தோலுக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் கிடையாது.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஒரு யுனிவர்சிட்டி மேட்ச், ரெண்டாவது ரவுண்டு, நான்தான் மேல இருந்தேன், அடி ஒண்ணுகூட வலிக்கல. தலையோட தலை இடிச்சு வலது புருவம் விட்டுச்சு. வலியே இல்ல, சூடா ஏதோ ஒழுகுது, வேர்வைன்னு நெனச்சுக் கையால தள்ளினா குளவ்ஸ் செவப்பா இருக்கு. ரத்தமும் வேர்வையும் கலந்து கண்ணுக்குள்ள போனா மொளகாப்பொடி விழுந்த மாதிரி எரியும், ஒத்தைக் கண்ணுல எதிராளி எவ்வளவு தூரத்துல நிக்கிறான்னே தெரியாது. ரெஃபரி என் முகத்தைப் பாத்தார், கையை ஆட்டிட்டார். அவ்வளவுதான்.

மார்சியானோ 1957, 58லயும் ஆடியிருந்தா அப்படித்தான் தோத்திருப்பார். எதிர்ல யாரா வேணா இருக்கட்டும், நேரா கூரா ஜாப் போடத் தெரிஞ்ச எந்த நல்ல ஆளும் போதும். ஏழாவதோ எட்டாவதோ ரவுண்டு, பாயிண்ட்ல சமமா இருக்கும்போது ரெஃபரி நிறுத்துவார், இவர் நிறுத்தாதேன்னு சண்டை போடுவார்.

புதுவயல் ரைஸ்மில்:

மயில் சொன்னதுக்கப்புறம் அந்த ரெண்டாவது சார்லஸ் சண்டையை முழுசா பாத்தேன். லிஸ்டன் ஜாப்பு அந்த மூக்குல விழுந்தா என்னாகும்னு நெனச்சுட்டு அதுக்கு மேல பேச முடியல. நான் சொன்ன ஆளு மாறல, சாய்ச்சுத்தான் ஜெயிப்பார்னு நெனச்சிருந்தேன், அதை மாத்திக்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தா:

காயம் சரிதான், ஆனா மூருகூட ரெண்டாவது ரவுண்டுல கீழ விழுந்து எந்திரிச்சு ஜெயிச்சது அந்தக் கிழிஞ்ச மூக்குக்கு ஒரு வருஷம் கழிச்சு. மூரும் சாதாரண ஆளா? தோல் தாங்குச்சே. நான் இன்னும் பாயிண்ட்லயேதான் நிக்கிறேன்.

செக்காலை ரோடு:

எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் பட்டாலையில உக்காந்து ஐயாவுக்கு டேப்லெட்ல அந்த ஃபிலிமைப் போட்டுக் காட்டினேன். அவுக பினாங்கு போறதுக்கு முந்தின வருஷச் சண்டை, இதுவரைக்கும் பாத்ததே இல்ல. ஆறாவது ரவுண்டை மூணு தடவை போடச் சொன்னாக. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு நாலாவது தடவையும் பாத்தாக. அப்புறம் மயிலு எழுதினதைப் படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசல. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டாக: "திமிலைப் பிடிச்சுத் தொங்கினாத்தான்டா பிடிமாடு. கொம்பு ஒடிஞ்சு ரத்தம் வருதுன்னு மாட்டுக்காரன் கயித்தைப் போட்டு இழுத்துட்டுப் போனா, அது பிடிபட்டதா?"

எனக்குப் பதில் தெரியல. மயில், நீங்களே சொல்லுங்க.

குன்றக்குடி மயில்:

ஐயாகிட்ட சொல்லுங்க, என்னோட அந்த மேட்ச் ஷீட்டை நான் இன்னும் வச்சிருக்கேன். ரெண்டாவது ரவுண்டு, ரெஃபரி நிறுத்தினது, தோல்வின்னுதான் எழுதியிருக்கு. அன்னைக்கு ஜெயிச்ச பையன் இறங்கும்போது என் கார்னருக்கு வந்து, "அண்ணே, நான் அடிக்கல"ன்னான்.