மறுமொழி: குடமுழுக்கு மலர்ப் படங்கள் – புள்ளிக்கு (குடும்பத்துக்கு) 500 ரூபாய் எதற்கு?

எல்லா உறவுகளுக்கும் வணக்கம்.

படங்களை நேராக்க அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், புள்ளிக்கு 500 கூடுதல் என்று தேவகோட்டை அண்ணன் எழுதியிருக்கிறார்கள். அந்தச் செலவு வேண்டாம். அதைவிடக் கவலை, மாதிரிப் பக்கங்களில் சில படங்கள் இடம் வலம் மாறியிருப்பதுதான்.

மலர்க் குழுவினர் ஆல்பத்தை மேசையில் விரித்து, ஃபோனைக் கவிழ்த்துப் பிடித்து எடுத்திருக்கிறார்கள். புவியீர்ப்பை வைத்துத்தான் ஃபோன் திசை பார்க்கும். கவிழ்ந்திருந்தால் அதற்கு மேல் கீழ் பிடிபடாது. படத்தோடு எழுதும் எக்சிஃப் குறிப்பில் தப்பான எண் விழும். 1 என்றால் அப்படியே காட்டு, 6 வலப்பக்கம் கால் சுற்று, 8 இடப்பக்கம் கால் சுற்று, 3 அரைச் சுற்று. இந்த எண்ணைச் சில மென்பொருள் மதிக்கும், சில மதிக்காது. ஃபோனில் நிமிர்ந்த படம் அச்சகத்தில் படுத்துக் கிடப்பது அதனால்தான்.

கணினியில் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளோடு அதன் பிளகின்களையும் (துணை நிரல்களையும்) போட்டுக்கொண்டு, ஷிஃப்ட்டும் ஜே எழுத்தும் சேர்த்து அழுத்தினால் தரம் குறையாமல் சுழற்றலாம். சாதாரணமாகச் சுழற்றிச் சேமித்தால் ஜேபெக் படம் மறுபடி சுருங்கித் தரம் குறையும். பெரும்பாலான ஃபோன் படங்கள் 16 பிக்சல் கட்டங்களாக இருப்பதால், 16ஆல் மீதியின்றி வகுபடும் 4032 × 3024 அளவுப் படம் மிச்சமின்றிச் சுழலும். 4000 × 3000இல் ஓரத்தில் 8 வரி மிஞ்சும், அதை வெட்டிவிடலாம். முடிந்ததும் குறிப்பு எண் 1 ஆகிவிட்டதா என்று பாருங்கள். பழைய 6 அப்படியே நின்றால் படம் இன்னொரு தடவை சுற்றிக்கொள்ளும்.

இனி முக்கியமானது. தலைகீழாக வந்த படத்தை 180 சுழற்றாமல் மேல் கீழாக ஃபிளிப் செய்திருக்கிறார்கள். ஆட்கள் நிமிர்ந்துவிட்டார்கள், ஆனால் கண்ணாடிப் பிம்பமாக. சத்திரத்து வாசல் குரூப் படத்தில் எல்லோருக்கும் சட்டைப் பை வலது மார்பில் இருக்கிறது பாருங்கள். அதையே இன்னொரு தடவை, இம்முறை இடம் வலமாக, ஃபிளிப் செய்தால் சரியாகிவிடும்.

பிள்ளையார்பட்டிப் படத்துக்கு மூலத்தையே போடுங்கள். கற்பக விநாயகர் வலம்புரி. தும்பிக்கை நமக்கு இடப்பக்கம்தான் தெரியவேண்டும். அதை யாரோ ‘திருத்தி’ இடம்புரியாக்கி வைத்திருக்கிறார்கள்.

– சிங்கப்பூர்

---

தம்பி, படம் மாறினால் அடியில் ‘இடமிருந்து வலம்’ என்று போட்ட பேரும் மாறும். எங்கள் அய்யா நின்ற இடத்தில் மேலவளவு வீட்டுக்காரர் பேர் விழுந்திருக்கிறது. திருப்பணியில் முன்னே நின்றது யார் என்று ஊருக்கே தெரியும். அப்பச்சி (எங்கள் அப்பா) இருந்திருந்தால் இந்தப் பக்கம் அச்சேறியிருக்காது. அதுவும் போக, இரண்டாம் வரிசையில் யாரும் சட்டையே போடவில்லை, பையை எங்கே தேடுவது? வசூலித்த 500க்கும் கணக்கு வரவேண்டும்.

– ஈப்போ ஆச்சி

---

ஆச்சி, சட்டை இல்லாத படத்தில் வாசல் நிலைக்கு மேலே உள்ள எழுத்தை, இல்லாவிட்டால் சுவர்க் கடிகாரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நேராகாது, ஃபிளிப் ஒன்றுதான் வழி. நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது: பளபளப்பான பக்கம் நம்மைப் பார்க்க, மங்கலான பக்கம் அந்தப்புறம் இருக்கும்படி பிடித்தால் தெரிவதே சரியான இடம் வலம்.

குழுவினர் மூலப் படங்களை வாட்ஸாப்பில் டாக்குமென்ட்டாகவே அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். பேர்ப் பட்டியலைப் படங்கள் சரியான பிறகு ஆச்சியிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

– சிங்கப்பூர்