எஸ்எஸ்ஆர் ஆஃப் ஆன பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறது, ஏன்?

கேள்வி:
ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அது இயக்கும் 25 ஆம்பியர் சாலிட் ஸ்டேட் ரிலே (எஸ்எஸ்ஆர், அசையும் பாகம் இல்லாத மின்னணு சுவிட்ச்), 9 வாட் எல்இடி பல்பு. ஆன் செய்தால் நன்றாக எரிகிறது. ஆஃப் செய்தால் இருட்டில் பேய் மாதிரி மங்கலாக மினுக்கிக்கொண்டே இருக்கிறது. ரிலேயின் இன்புட்டில் மீட்டர் வைத்தேன், 0 வோல்ட்தான். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் 190 வோல்ட்! ரிலே போய்விட்டது என்று நினைத்து 60 வாட் குண்டு பல்பு மாட்டினேன். அது சுத்தமாக அணைகிறது. தலை சுற்றுகிறது.

பதில் 1:
ரிலே நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே சுவிட்சாக வேலை செய்யும் ட்ரையாக் என்ற செமிகண்டக்டருக்கு இணையாக ஸ்னப்பர் இருக்கும், அதாவது ஒரு ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும். ஆஃப் நிலையிலும் அதன் வழியே சில மில்லி ஆம்பியர் கசியும். குண்டு பல்புக்கு அது கொசுக்கடி. எல்இடி பல்புக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டோ அதையே சேர்த்துவைத்து ஒளிரும். மீட்டரின் ரெசிஸ்டன்ஸ் மெகா ஓம் கணக்கு, அதனால்தான் அந்தக் கசிவு 190 வோல்ட்டாகத் தெரிகிறது. 9 வாட்டுக்கு எஸ்எஸ்ஆர் எதற்கு? தொடுமுனைகள் நிஜமாகவே பிரியும் மெக்கானிகல் ரிலே போடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அதனால்தான் எஸ்எஸ்ஆர் ஆஃப் என்பதை நம்பி ஹோல்டரில் கை வைக்கக் கூடாது. மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

கேட்டவர்:
அப்படியென்றால் இந்த எஸ்எஸ்ஆரை 2000 வாட் ஹீட்டருக்கு வைத்துக்கொள்ளலாமா? 25 ஆம்பியர் என்று மேலேயே போட்டிருக்கிறதே.

பதில் 2:
நானும் அதைப் படித்துத்தான் ஏமாந்தேன். 230 வோல்ட்டில் உங்கள் ஹீட்டர் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். ஆன் நிலையில் ரிலேக்குள் 1 வோல்ட்டுக்கு மேல் விழும், ஆக சுமார் 10 வாட் சூடு. சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் இல்லாமல் அந்த 25 வெறும் எழுத்து. நான் மரப்பலகையில் திருகி வைத்திருந்தேன். ஒரு நாள் ட்ரையாக் ஷார்ட் ஆகிவிட்டது. புரோகிராம் ஆஃப் என்கிறது, தண்ணீர் கொதிக்கிறது! எஸ்எஸ்ஆர் செத்தால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே சாகும். ஹீட்டரோடு தொடராக ஒரு தெர்மல் கட்-அவுட் கண்டிப்பாக வேண்டும், சூடு எல்லை மீறினால் புரோகிராமை நம்பாமல் தானே மின்சாரத்தைத் துண்டிப்பதாக. அப்புறம், ரிலேக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவ மறக்காதீர்கள்.

கேட்டவர்:
பல்புக்கு மெக்கானிகல் ரிலே மாட்டியாயிற்று. கும்மிருட்டு. ஹீட்டரை ஹீட் சிங்கும் கட்-அவுட்டும் வந்த பிறகுதான் தொடுவேன்.