மருந்து தவறாகப் போய்விட்டது: வீட்டாரிடம் அந்த ராத்திரியே சொல்வதா, மறுநாளா?

வார்டுசுற்று:
விவாதத்துக்கு ஒரு கேஸ். கிளார்ஜின் என்ற, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி), மில்லிக்கு 100 யூனிட். டிரேயில் இருந்ததோ மில்லிக்கு 40 யூனிட் வயலுக்கான, சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச். ராத்திரி 9 மணிக்கு 20 யூனிட் போட வேண்டும். நர்ஸ் 20 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டார். அந்தச் சிரிஞ்சில் அந்தக் கோடு அரை மில்லி. ஆக உள்ளே போனது 50 யூனிட், இரண்டரை மடங்கு. 10 மணிக்குக் கண்டுபிடித்தார்கள். சர்க்கரை அப்போது 140, நோயாளி நன்றாகப் பேசுகிறார். பக்கத்தில் மகள். என் கருத்து: அரை மணி நேரத்துக்குள் மகளிடமும் நோயாளியிடமும் சொல்லிவிட வேண்டும்.

சட்டப்பார்வை:
அரை மணி நேரம் ரொம்ப அவசரம் சார். 10 மணிக்குக் கையில் இருப்பது காலி சிரிஞ்சும் ஒரு யூகமும்தான். எந்த வயல், முழு டோஸும் போனதா, முந்தின ராத்திரியும் இதே சிரிஞ்சில்தான் போட்டார்களா என்று பார்க்க வேண்டாமா? இப்போது ஒன்று சொல்லிக் காலையில் வேறொன்று சொன்னால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். இன்டெம்னிட்டி பாலிசிகளில் (மருத்துவத் தவறுக்கான காப்பீடு) கம்பெனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். உச்ச நீதிமன்றத்தின் 1995 சாந்தா தீர்ப்புக்குப் பிறகு கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வருத்தம் தெரிவித்ததைச் சாட்சியாக்கக் கூடாது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986-இலேயே சட்டம் போட்டது; இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை. நோயாளியைக் கவனியுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், சூப்பரின்டென்டன்டுக்குத் தகவல் கொடுங்கள். வீட்டாரிடம் காலையில் கன்சல்டன்ட் பேசட்டும்.

வார்டுசுற்று:
காலை வரை காத்திருக்க இந்த மருந்து விடாது. கிளார்ஜின் சுமார் 24 மணி நேரம் வேலை செய்யும். 10 மணிக்கு 140 என்பதில் ஆறுதல் ஒன்றுமில்லை. விடியற்காலை 3 மணிக்கு வயிறு காலியாக இருக்கும்போதுதான் இறங்கும். அந்த நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது மகள்தான். திடீர் வியர்வை, உளறல், எழுப்பினால் எழாமல் கிடப்பது, இதில் எதைப் பார்த்தாலும் உடனே கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தம், இதயத்துக்கான ஒரு வகை மருந்து) சாப்பிடுபவராக இருந்தால் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாது, வியர்வை மட்டும் தெரியும். மணிக்கொரு முறை விரலில் குத்திப் பார்க்கப் போகிறோம். 70-க்குக் கீழே போனால், விழித்திருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பினால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 100 மில்லி வரை நரம்பில். "எதுக்கு சிஸ்டர் மணிக்கு மணி குத்துறீங்க?" என்று மகள் கேட்பார். அப்போது சொல்லும் பொய்யைக் காலையில் எந்தக் கன்சல்டன்ட் வந்து திருத்துவார்? சொல்வதும் இங்கே சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

செவிலி_மதுரை:
சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. யார் சொல்வது? பல இடங்களில் டியூட்டி டாக்டர் நழுவிவிடுவார், போட்ட நர்ஸைத் தனியாக அனுப்புவார்கள். அது கூடாது. சட்டத்தையும் பாருங்கள்: ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இல், அலட்சியத்தால் மரணம் என்றால் 5 ஆண்டு வரை சிறை. பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டு வரை. அந்த விளக்கத்தில் நர்ஸ் வரமாட்டார். தவறோ ஸ்டாக்கிலேயே ஆரம்பித்தது. சாதாரண இன்சுலின் வயல்கள் இங்கே 40 யூனிட் என்பதால் வார்டில் சிவப்பு மூடிதான் கிடக்கும். 100 யூனிட் வயலை அனுப்பிய பார்மசி, ஆரஞ்சு மூடி சிரிஞ்சையும் அதே கவரில் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். இதை மறைத்துவிட்டு "சிஸ்டர் தப்பாப் போட்டுட்டாங்க" என்று சொன்னால் அது பாதி உண்மை.

சட்டப்பார்வை:
சிஸ்டர் சொன்ன 106 பாயின்ட் சரி, பலருக்குத் தெரியாது. 24 மணி நேர மருந்து என்பதால் நடந்ததை அன்றே சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்மசி, ஸ்டாக் என்று காரணம் பேசுவதற்கு விசாரணை முடிய வேண்டும். இங்கிலாந்தில் 2014 முதல் உண்மையைச் சொல்வது சட்டக் கடமை. அங்கேயும் மிதமான பாதிப்போ அதற்கு மேலோ இருந்தால்தான் அந்தச் சட்டம் பேசும். கூடுதலாகக் கவனித்ததோடு முடிந்த கேஸ் அதில் வராது.

பதினைந்து_படுக்கை:
சின்ன நர்சிங் ஹோம்களை யாரும் நினைப்பதில்லை. ராத்திரி ஒரு டாக்டர், செக்யூரிட்டி கிடையாது. வராந்தாவில் சொன்னால் பத்து நிமிடத்தில் முப்பது பேர் கூடிவிடுவார்கள். மருத்துவமனைத் தாக்குதலுக்கு எதிரான தமிழ்நாடு சட்டம் 2008-இலேயே வந்தது. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் டாக்டரைக் குத்தியதை அது தடுக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் கன்சல்டன்டைப் போனிலாவது பிடித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

வார்டுசுற்று:
போனில் பிடியுங்கள், நல்லது. அவர் எடுக்கவில்லை என்பதற்காக நிறுத்தி வைக்காதீர்கள். உட்கார வைத்து, டியூட்டி டாக்டரும் இன்சார்ஜ் சிஸ்டரும் சேர்ந்து பேசினால் போதும். வார்த்தையும் இவ்வளவுதான்: "அம்மாவுக்கு 20 யூனிட் போட வேண்டிய இடத்தில் 50 போய்விட்டது. எங்கள் பக்கம் நடந்த தவறு, வருந்துகிறோம். ராத்திரி முழுக்க மணிக்கொரு முறை பார்ப்போம். எப்படி நடந்தது என்று விசாரித்து நாளை சாயங்காலம் 4 மணிக்குச் சொல்கிறோம்." அந்த 4 மணியைத் தவறவிடக் கூடாது. கூடுதல் ஸ்ட்ரிப், கூடுதல் நாள் எதுவும் பில்லில் ஏறக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் இப்படித் தானாக முன்வந்து சொல்லி, இழப்பீடும் பேசியது, வழக்குகள் குறைந்தன.

சட்டப்பார்வை:
அங்கே டாக்டர்கள் மருத்துவமனையின் சம்பளக்காரர்கள், காப்பீடும் மருத்துவமனையுடையதே. இங்கே வந்துபோகும் கன்சல்டன்ட், அவருக்குத் தனி பாலிசி, மருத்துவமனைக்கு வேறொன்று. "எங்கள் தவறு" என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் மீதும் விழும். நடந்ததைச் சொல்லுங்கள், வருத்தமும் தெரிவியுங்கள். "தவறு" என்ற வார்த்தை மட்டும் விசாரணைக்குப் பிறகு வரட்டும்.

செவிலி_மதுரை:
20-க்கு 50 போனதை வேறு எந்த வார்த்தையால் சொல்வீர்கள் சார்? எப்படியும் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்டைக் கொடுத்தாக வேண்டும், மருத்துவர்களுக்கான 2002 நடத்தை ஒழுங்குவிதி அப்படி. மருந்து சார்ட்டில் 20 என்று எழுதியதை அடித்து 50 ஆக்காதீர்கள், ஒயிட்னர் வேண்டவே வேண்டாம். கீழே தனி வரியில், எழுதும் நேரம் போட்டு, போன அளவு, கண்டுபிடித்த நேரம், யாரிடம் என்ன சொன்னோம் என்று எழுதிக் கையெழுத்து. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இது வர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த டாக்டர் அன்றைய தாழ்சர்க்கரையைப் பார்த்துவிட்டு, 20 யூனிட்டே அதிகம் என்று டோஸைக் குறைத்துவிடுவார்.